இரண்டாவது ஓட்டை

செஞ்சியில் மல்லாட்டை எண்ணெய் விற்கிற எந்தக் கடைக்குப் போனாலும் ஒரு காட்சியைப் பார்க்கலாம். (வெளியூர்க்காரர்களுக்கு: மல்லாட்டை என்றால் வேர்க்கடலை!) 15 கிலோ டின்னைப் புதிதாக உடைக்கும்போது கடைக்காரர் ஒரு மூலையில் ஆணியை வைத்து ஓட்டை போடுவார். அதோடு விடமாட்டார். எதிர் மூலையில் இன்னொரு ஓட்டையும் போடுவார். எண்ணெய் ஊற்றுவது முதல் ஓட்டை வழியாகத்தான். இரண்டாவது ஓட்டை வழியாக ஒரு சொட்டுகூட வெளியே வராது. ஆனால் அதை விரலால் அடைத்துப் பாருங்கள். எண்ணெய் களக் களக் என்று திக்கித் திணறும். ஓட்டை சின்னதாக இருந்தால் நின்றே போகும்.

ஏன் என்று கேட்டால் கடைக்காரர் ஒரே வரியில் சொல்லிவிடுவார். "காத்து உள்ள போனாத்தான் எண்ணெய் வெளிய வரும்."

இந்த ஒரு வரியை மறந்ததால் வானத்தில் இன்ஜின் நின்றுபோன விமானங்கள் உண்டு. அதிலும் பழைய காலத்துச் சின்ன விமானங்களில், பெட்ரோல் டாங்க்கின் காற்றுத் துளை அடைபடுவது மிக எளிய பழுது; கண்டுபிடிப்பதற்கோ மிகக் கடினமான பழுது. எளிய பழுது எப்படிக் கடினமாகிறது? அதைத்தான் இந்தக் கட்டுரை பேசப்போகிறது.

முதலில் பைக், பிறகு விமானம்

செஞ்சியிலிருந்து திருவண்ணாமலை சுமார் 40 கிலோமீட்டர். பழைய பைக் ஒன்றில் ஒரு கல்லூரி மாணவன் கிளம்புகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோட்டை மதில்களைத் தாண்டி ஏழெட்டு கிலோமீட்டர் போனதும் வண்டி இழுக்காமல் திணறி நின்றுவிடுகிறது. பையன் புளியமரத்தடியில் ஒதுக்கி, மூடியைத் திறந்து பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்கிறான். நிறைய இருக்கிறது. மூடிவிட்டு உதைக்கிறான். வண்டி கிளம்பிவிடுகிறது! சந்தோஷமாக ஓட்டுகிறான். இன்னொரு ஏழெட்டு கிலோமீட்டரில் மறுபடியும் நிற்கிறது.

ஒரு மெக்கானிக் கடையில் பிளக்கை மாற்றுகிறார்கள். இன்னொரு கடையில் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவுகிறார்கள். நானூறு ஐந்நூறு செலவாகிறது. பழுது போகவில்லை. கடைசியாக ஒரு பழைய ஆளிடம் போகிறான்.

"அண்ணே, பெட்ரோல் இருக்கு. மூடியத் தொறந்து நானே பாத்துட்டேன்."

"தொறந்த இல்ல தம்பி? அதனாலதான் மறுபடி ஓடிச்சு."

மூடியில் இருந்த ஊசிமுனை அளவு ஏர் ஹோலை அந்த மனிதர் ஒரு கம்பியால் குத்திவிட்டு, போகச் சொல்லிவிடுகிறார். காசுகூட வாங்கவில்லை. மொத்தக் கட்டுரையும் அந்த ஒரு பதிலில் இருக்கிறது. பையன் பழுதைத் தேடுவதற்காகச் செய்த காரியமே பழுதைத் தற்காலிகமாகச் சரிசெய்துவிட்டது. தேடும்போதே தடயம் அழிந்துவிட்டது.

இனி விமானத்துக்கு வரலாம். செஞ்சிக்கும் விமானத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சிரிக்காதீர்கள். பழைய தென்னார்க்காடு மாவட்டத்திலேயே, உளுந்தூர்பேட்டை அருகே, இரண்டாம் உலகப்போர் காலத்து ஓடுபாதை இருக்கிறது. சென்னை மீனம்பாக்கத்தில் மெட்ராஸ் பிளையிங் கிளப் 1930-ஐ ஒட்டியே தொடங்கிவிட்டது. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்தது பஸ் மாத் என்கிற ஒற்றை இன்ஜின் விமானத்தில். அங்கிருந்து அந்தத் தபாலை பெல்லாரி வழியாக மெட்ராஸுக்கு ஓட்டிவந்தவர் நெவில் வின்சென்ட். பஸ் மாத்துக்கு டாங்க்குகள் இறக்கையில். இன்ஜினுக்குப் பெட்ரோல் வந்தது புவியீர்ப்பால்தான், நம்மூர் பைக்கைப் போலவே!

அதே குடும்பத்தைச் சேர்ந்த டைகர் மாத் 1931-ல் முதலில் பறந்தது. அதன் டாங்க் மேல் இறக்கையின் நடுவில், விமானியின் தலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும். கொள்ளளவு 19 கேலன், அதாவது சுமார் 86 லிட்டர். இந்திய விமானப்படை ஒரு டைகர் மாத்தைப் புதுப்பித்து 2012 விமானப்படை தினத்தில் ஹிண்டனில் பறக்கவிட்டது. நம் நாட்டிலேயே பெங்களூரில் எச்.ஏ.எல். தயாரித்த புஷ்பக் 1958-ல் பறந்தது. 90 குதிரைசக்தி இன்ஜின், துணி போர்த்திய இறக்கை, இரண்டு பேர் உட்காரலாம். நாடு முழுவதும் பிளையிங் கிளப்புகளில் ஒரு தலைமுறையே அதில் பறக்கக் கற்றுக்கொண்டது.

இந்த மாதிரிச் சின்ன விமானங்களின் டாங்க்கிலும் இரண்டாவது ஓட்டை வேண்டும். அதற்குப் பெயர் வென்ட். சிலவற்றில் மூடியிலேயே துளை இருக்கும். சிலவற்றில் மூடியிலிருந்து முன்பக்கம் பார்த்து வளைந்த சின்னக் குழாய். இன்னும் சிலவற்றில் டாங்க்கின் உச்சியிலிருந்து இறக்கைக்கு அடியில் நீளும் மெல்லிய குழாய்.

கொஞ்சம் கணக்கு

கணக்கைப் பார்த்தால்தான் பயம் வரும்.

டாங்க்குக்கும் கார்புரேட்டருக்கும் ஒரு மீட்டர் உயர வித்தியாசம் என்று வையுங்கள். ஒரு மீட்டர் உயரப் பெட்ரோல் கீழே தள்ளுகிற அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 72 கிராம். வெளிக்காற்றின் அழுத்தமோ அதே இடத்தில் சுமார் ஒரு கிலோ. அதாவது டாங்க்குக்குள் அழுத்தம் வெறும் 7 சதவீதம் குறைந்தால் போதும், பெட்ரோல் ஓட்டம் முழுக்க நின்றுவிடும். அதற்கு முன்பே ஓட்டம் குறைந்து இன்ஜின் இருமத் தொடங்கிவிடும்.

இன்ஜின் மணிக்கு 20 லிட்டர் குடிக்கிறது. மூன்று நிமிடத்துக்கு ஒரு லிட்டர். வென்ட் முழுக்க அடைபட்டு, டாங்க்கில் பெட்ரோலுக்கு மேலே 10 லிட்டர் காற்றிடம் இருந்தால், ஒரு லிட்டரைச் சுற்றி வெளியேறுவதற்குள் கதை முடிந்துவிடும். பெட்ரோல் ஆவியும், டாங்க் தகடு கொஞ்சம் உள்வாங்குவதும் இந்த நேரத்தைச் சற்றுத் தள்ளிப்போடும். தடுக்காது.

இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. காற்றிடம் 40 லிட்டராக இருந்தால் இன்ஜின் நான்கு மடங்கு நேரம் தாங்கும். காற்றிடம் ஒரே லிட்டர் என்றால், அதாவது டாங்க் நிறைய இருந்தால், அரை நிமிடம் தாங்குவதே அதிகம். அப்புறம் கார்புரேட்டர் கிண்ணத்தில் மிச்சமிருப்பதுதான். நிறைந்த டாங்க்தான் சீக்கிரம் நிற்கும்! எந்த விமானியும் நிறைந்த டாங்க் பாதுகாப்பு என்றுதானே நினைப்பார்? அதோடு இன்ஜின் அதிகமாகக் குடிப்பது தரையைவிட்டு எழும்பும்போது. அப்போது உயரமும் இல்லை, திரும்ப இடமும் இல்லை. நிறைந்த டாங்க்கும் முழு வேகமும் சேருகிற நேரம், விபத்துக்கு மிகவும் தோதான நேரம்.

பைக் நின்றால் புளியமரம் இருக்கிறது. விமானி எங்கே ஒதுங்குவார்? மூடியைத் திறந்து பார்க்க இறக்கை மேல் ஏறமுடியுமா? இன்னொரு டாங்க் இருந்தால் அதற்கு மாற்றலாம். ஒரே டாங்க் என்றால் கீழே சமமான நிலத்தைத் தேடவேண்டும். செஞ்சியைச் சுற்றி என்ன இருக்கிறது? ராஜகிரி மாதிரி உருண்டைப் பாறைகள் அடுக்கிய குன்றுகளும், வரப்பு வரப்பாகப் பிரிந்த நெல்வயல்களும்தான்.

தடயம் தானே அழிகிறது

அப்படி ஒரு விமானம் நல்லவேளையாக இறங்கிவிட்டது என்று வையுங்கள். அடுத்து நடப்பது கிட்டத்தட்ட எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

விமானி சொல்கிறார்: "இன்ஜின் நின்றுவிட்டது." முதல் சந்தேகம், பெட்ரோல் தீர்ந்துவிட்டதா? மூடியைத் திறந்து பார்க்கிறார்கள். பெட்ரோல் இருக்கிறது. அந்த நொடியிலேயே காற்று உள்ளே போய்விட்டது. தடயம் அவுட்!

அடுத்து இன்ஜினைக் கிளப்புகிறார்கள். கிளம்புகிறது. தரையில் பத்து நிமிடம் ஓட்டுகிறார்கள். நன்றாக ஓடுகிறது. ஏன் ஓடாது? தரையில் மெதுவாக ஓடும் இன்ஜின் குடிப்பது கொஞ்சம்தான். வென்ட் பாதி அடைபட்டிருந்தால், அந்தக் கொஞ்சத்துக்கு வேண்டிய காற்று எப்படியோ கசிந்து உள்ளே போய்விடும். முழு வேகத்தில்தான் பற்றாக்குறை தெரியும்.

வெயிலும் சேர்ந்து ஏமாற்றும். வெயிலில் நின்ற விமானத்தில் பெட்ரோலும் ஆவியும் விரிவடைகின்றன. வென்ட் அடைபட்டிருந்தால் டாங்க்குக்குள் அழுத்தம் ஏறும். அந்த அழுத்தம் பெட்ரோலைத் தள்ளுவதால் இன்ஜின் வழக்கத்தைவிட உற்சாகமாகவே கிளம்பும். கொஞ்ச நேரம் கழித்துத்தான் குணத்தைக் காட்டும்.

ரப்பர் பை மாதிரி டாங்க் உள்ள சில விமானங்களில் இன்னும் மோசம். உள்ளே அழுத்தம் குறையும்போது பையின் அடிப்பாகம் மேலே உறிஞ்சப்பட்டு மிதவையைத் தூக்கிவிடும். இன்ஜின் பட்டினி கிடக்கும்போது அளவுமானி 'நிறைய இருக்கிறது' என்று சொல்லும்.

இதற்கெல்லாம் மேலே, இதே மாதிரி நடிக்கிற வேறு பழுதுகளும் உண்டு. ஈரக்காற்றில் கார்புரேட்டருக்குள் பனிக்கட்டி பிடிக்கலாம். வெளியே வெயில் அடித்தாலும் பிடிக்கும், ஏனென்றால் பெட்ரோல் ஆவியாகும்போது உள்ளே குளிர்ந்துவிடுகிறது. இறங்கி நின்றதும் அது உருகிப்போய்விடும். அதுவும் தடயம் அழிக்கிற ஆசாமிதான். சூட்டில் குழாய்க்குள் பெட்ரோல் ஆவியாகி அடைப்பதும் ஆறியதும் மறைந்துவிடும். ஆகவே 'இறங்கினோம், மறுபடி ஓடியது' என்பதை வைத்து எந்த முடிவுக்கும் வரமுடியாது.

கடைசியில் என்ன நடக்கும்? பிளக் மாற்றுவார்கள். மேக்னெட்டோவைப் பார்ப்பார்கள். கார்புரேட்டரை ஓவர்ஹாலுக்கு அனுப்புவார்கள். 'தரையில் ஓட்டிப் பார்த்தோம், பழுது ஏதும் இல்லை' என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். விமானம் மறுபடி வானத்துக்குப் போகும், அடைத்த ஓட்டையோடு.

எப்படிப் பிடிப்பது?

இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. தேவைப்படுவது ஒழுங்கு.

முதல் விதி: மூடியில் கை வைக்காதே. இன்ஜின் நின்று இறங்கிய விமானத்தின் மூடியைத் திறப்பதற்கு முன்னால் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு மெதுவாகத் திறக்கவேண்டும். 'புஸ்ஸ்' என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டால் பாதி வழக்கு முடிந்தது. அந்தச் சத்தம் ஒரே ஒருமுறைதான் கேட்கும்.

இரண்டாவது, வென்ட் குழாயில் ரப்பர் டியூப் மாட்டி வாயால் மெதுவாக ஊதிப் பார்ப்பது. செஸ்னா நிறுவனத்தின் பராமரிப்புக் கையேடுகளில் உள்ள சோதனைதான் இது. ஊதும்போது காற்று உள்ளே போனால் வழி இருக்கிறது. பிறகு டியூப்பின் முனையைத் தண்ணீரில் முக்கினால், உள்ளே ஏறிய அழுத்தம் குமிழிகளாகத் தொடர்ந்து வெளியேற வேண்டும். வென்ட்டில் உள்ள வால்வின் சிறு துளை திறந்திருக்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி. இதற்குக் கம்ப்ரஸர் காற்றைப் பயன்படுத்தக் கூடாது, டாங்க் வீங்கிவிடும். வாயால் உறிஞ்சவும் கூடாது, பெட்ரோல் ஆவி விஷம்.

மூன்றாவதுதான் உண்மையான பரீட்சை. கார்புரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றி, பெட்ரோலை அளவுப் பாத்திரத்தில் பிடிக்கவேண்டும், திறந்தவெளியில், தீப்பொறிக்கு வழியில்லாமல். புவியீர்ப்பால் ஓடும் அமைப்பில், எழும்பும்போது இன்ஜின் குடிப்பதைப்போல் ஒன்றரை மடங்கு ஓட்டம் இருக்கவேண்டும் என்று சிறு விமானங்களுக்கான அமெரிக்க விதி பல பத்தாண்டுகள் கேட்டுவந்தது. இங்கே முக்கியம் இரண்டு. மூடி மூடியே இருக்கவேண்டும். ஒரு நிமிடத்தில் நிறுத்திவிடாமல் பத்துப் பதினைந்து நிமிடமாவது பிடிக்கவேண்டும். ஆரம்பத்தில் ஜோராக வந்து, போகப்போகக் குறைந்து, மூடியைத் திறந்ததும் மறுபடி பாய்ந்தால், குற்றவாளி கையும் களவுமாக மாட்டிக்கொண்டான். மூடி திறந்தும் ஓட்டம் குறைவாகவே இருந்தால் வடிகட்டியையும் குழாயையும் பார்க்கவேண்டும். ஓட்டம் முழுக்கச் சரியாக இருந்தால் பனிக்கட்டி, மின்பொறி என்று வேறு பக்கம் போகலாம்.

நான்காவது விதி, ஒரே நேரத்தில் இரண்டு விஷயங்களை மாற்றாதே. பிளக்கும் மாற்றி, மூடியும் மாற்றி, வடிகட்டியும் கழுவினால், எதனால் சரியானது என்று யாருக்கும் தெரியாது.

யார் அடைக்கிறார்கள்?

பெரும்பாலும் எதிரி யாரும் இல்லை. மண் குளவி கூடு கட்டிவிடும். வீட்டில் குளவி கூடு கட்டினால் குழந்தை பிறக்கும் என்று நம்மூரில் கலைக்கமாட்டார்கள். அதே குளவி வென்ட் குழாய்க்குள் கட்டினால் பிறப்பது வேறு. விமானம் நிற்கிற சில நாட்களே அதற்குப் போதும்.

பழைய விமானத்தைப் புதுப்பிக்கும்போது அடிக்கிற பெயின்ட் துளையை மூடிவிடலாம். ஒட்டிய டேப்பை எடுக்க மறந்துவிடலாம். 1996 அக்டோபர் 2 அன்று பெரு நாட்டில் ஏரோபெரு போயிங் 757 ஒன்று கடலில் விழுந்து 70 பேர் இறந்ததற்குக் காரணம், கழுவும்போது அழுத்தத் துளைகள்மேல் ஒட்டிய டேப்பை யாரும் எடுக்காததுதான். அது டாங்க் வென்ட் இல்லை, உயரத்தையும் வேகத்தையும் அளப்பதற்கான துளை. ஆனால் பாடம் ஒன்றே: அவ்வளவு பெரிய விமானத்தை வீழ்த்த ஒரு துண்டு டேப் போதுமாக இருந்தது.

மூடியே ஆள் மாறிவிடுவதும் உண்டு. பழைய விமானத்துக்கு உதிரிபாகம் கிடைப்பது அரிது. மூடி தொலைந்தால் வேறு விமானத்தின் மூடியை மாட்டுவார்கள். அளவு கச்சிதமாகப் பொருந்தும், ஆனால் துளை இருக்காது. பார்க்க ஒரே மாதிரி இருக்கும்! முன்பக்கம் பார்க்கவேண்டிய வளைகுழாயைப் பின்பக்கம் திருப்பி மூடிவிட்டால், காற்றைத் தள்ளவேண்டிய குழாய் உறிஞ்சத் தொடங்கிவிடும். வென்ட் குழாய் எங்காவது தொய்ந்து தண்ணீர் தேங்கினாலும் வழி அடைபடும்.

1979-ல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம், செஸ்னாவின் பல சிறு விமானங்களுக்கு வென்ட் உள்ள மூடி போடவேண்டும் என்று உத்தரவு போட்டது. பிரதான வென்ட் அடைபட்டாலும் காற்றுக்கு இன்னொரு வழி இருக்கட்டும் என்பதுதான் நோக்கம். எண்ணெய்க் கடைக்காரருக்கு உதித்த அதே யோசனை!

ஓட்டைக்கு விலை இல்லை

இவ்வளவு எளிய விஷயத்தை ஏன் கோட்டை விடுகிறார்கள்? அறிவு குறைவு என்று சொல்லிவிடலாம். அது நியாயமான பதில் இல்லை. விமானத்தைப் பராமரிக்கிறவர்கள் பரீட்சை எழுதி உரிமம் வாங்கியவர்கள். வென்ட் எதற்கு என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வார்கள். காரணம் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது.

காமர்ஸ் படிக்கிற எவருக்கும் ஏ.பி.சி. அனாலிசிஸ் தெரியும். கிடங்கில் இருக்கும் பொருட்களை விலைமதிப்பை வைத்து மூன்றாகப் பிரிப்பார்கள். 'ஏ' வகை எண்ணிக்கையில் கொஞ்சம், மதிப்பில் அதிகம். அதற்குக் கடும் கண்காணிப்பு. 'சி' வகை எண்ணிக்கையில் அதிகம், மதிப்பில் கொஞ்சம். மேலோட்டமாகப் பார்த்தால் போதும். இன்ஜின் 'ஏ'. டாங்க் மூடி 'சி'. மூடியில் இருக்கும் ஓட்டை? அது எந்த வகையிலும் வராது. ஓட்டைக்கு விலை இல்லை. பார்ட் நம்பர் இல்லை. கிடங்கில் இருப்பு வைக்க முடியாது. இல்லாத ஒன்றை எந்தப் பதிவேட்டில் எழுதுவது?

பில் போடுவதிலும் இதே கதை. கார்புரேட்டர் ஓவர்ஹாலுக்குப் பில் உண்டு. புது மேக்னெட்டோவுக்குப் பில் உண்டு. 'காதை வைத்துக் கேட்டேன், கம்பியால் குத்தினேன்' என்பதற்கு என்ன பில் போடுவது? பொருளை மாற்றினால் வேலை நடந்ததாகத் தெரியும். யோசித்தால் சும்மா நின்றதாகத் தெரியும். பைக் பையனும் பிளக் மாற்றியவருக்குப் பணம் கொடுத்தான். உண்மையில் சரிசெய்தவருக்கு நன்றி மட்டும்தான்.

செலவைத் தடுப்புச் செலவு, சோதனைச் செலவு, தோல்விச் செலவு என்று பிரிக்கச் சொல்லிக் கொடுக்கிறது காஸ்ட் அக்கவுண்டிங். தடுப்புச் செலவு ஒரு ரூபாய் என்றாலும் அது இன்றைய பில். தோல்விச் செலவு கோடி என்றாலும் அது என்றைக்கோ வரப்போகிறது, வராமலும் போகலாம். எனவே எல்லோரும் இன்றைய ஒரு ரூபாயைத்தான் மிச்சப்படுத்துவார்கள். ஆனால் வென்ட் விஷயத்தில் அந்தச் சாக்கும் செல்லாது. ஊதிப் பார்க்க ரப்பர் டியூப்பும் ஒரு டம்ளர் தண்ணீரும் போதும்.

எதிர்வாதம் ஒன்று வரும், அது நியாயமானதும்கூட. விமானம் தரையில் நிற்கிற ஒவ்வொரு நாளும் கிளப்புக்கு நஷ்டம். வணிக விமானி உரிமத்துக்கு இந்தியாவில் 200 மணி நேரம் பறந்திருக்கவேண்டும். கடன் வாங்கிச் சேர்ந்த மாணவன் வரிசையில் காத்திருக்கிறான். 'ஓடுகிற இன்ஜினை வைத்துக்கொண்டு எதற்குக் காலைமுதல் மாலைவரை சோதனை?' என்று கேட்பார்கள். பழுது மறுபடி வராமலே போனால் ஒரு நாள் வீண்தானே?

வீண் இல்லை. அந்த வரிசையில் காத்திருக்கும் மாணவன்தான் நாளை அந்த இருக்கையில் உட்காரப்போகிறவன். அவனுக்கு முன்னால் பறந்தவருக்கு என்ன நடந்தது என்று அவனுக்குத் தெரியாது. பதிவேட்டில் 'பழுது இல்லை' என்று படிக்கிறான், நம்புகிறான், டாங்க்கை நிரப்புகிறான். அந்தக் கையெழுத்து அவனுக்குக் கொடுத்த வாக்கு. 'பழுது இல்லை' என்பதும் 'பழுதைக் கண்டுபிடிக்கவில்லை' என்பதும் ஒன்றா? ஒரு சொல் வித்தியாசம்தான். அந்த வித்தியாசத்தில் ஒரு உயிர் இருக்கிறது.

ஆகவே ஒரு விதி வேண்டும். வானத்தில் நின்ற இன்ஜின் தரையில் மறுபடி ஓடிவிட்டது என்பதற்காக மட்டும் எந்த விமானத்தையும் விடுவிக்கக் கூடாது. ஒன்று, பழுதைத் தரையில் மறுபடி வரவழைத்துக் காட்டவேண்டும். அல்லது, வரவழைக்க என்னென்ன செய்தோம், டாங்க்கில் எத்தனை லிட்டர் இருந்தது, மூடி மூடியிருந்ததா, எத்தனை நிமிடம் ஓட்டினோம், முழு வேகத்திலா என்று ஒவ்வொன்றாக எழுதிவிட்டு, 'காரணம் கிடைக்கவில்லை' என்று நேர்மையாகப் பதியவேண்டும். அடுத்துப் பறப்பவர் அதைப் படித்துவிட்டு முடிவெடுக்கட்டும். இதற்குச் செலவு ஒரு பக்கத் தாளும் கொஞ்சம் மையும்.

பழைய விமானங்களுக்கு இது இன்னும் பொருந்தும். புஷ்பக்கையோ டைகர் மாத்தையோ பார்த்துப் பழகிய கைகள் குறைந்துகொண்டே வருகின்றன. அவர்களுக்குத் தெரிந்த பாதி விஷயம் எந்தக் கையேட்டிலும் இல்லை. 1982-ல், தன் 78-ஆவது வயதில், ஜே.ஆர்.டி. அதே கராச்சி–பம்பாய் பாதையில் பழைய லெப்பர்ட் மாத் ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்தார். அதைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் அவரைத்தான் பாராட்டுகிறோம், பாராட்ட வேண்டியதுதான். அன்று அந்த விமானத்தின் வென்ட்டைக் குனிந்து பார்த்த கைகளையும் ஒரு நிமிடம் நினைக்கலாம்.

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடித்தது. மராட்டிய ராணுவக் கோட்டைகள் என்று சேர்க்கப்பட்ட 12-ல் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான். இனி வெளியூர்க் கூட்டம் நிறைய வரும். வருகிறவர்கள் ராஜகிரி உச்சிக்கு ஏறட்டும், கல்யாண மகாலைப் பார்க்கட்டும். இறங்கி வந்த பிறகு கடைவீதியில் ஒரு எண்ணெய்க் கடை வாசலிலும் இரண்டு நிமிடம் நிற்கட்டும்.

கடைக்காரர் டின்னில் முதல் ஓட்டை போட்டு முடித்ததும், ஆணியை எதிர் மூலைக்கு நகர்த்துவார். அதை யாரும் அவருக்கு நினைவுபடுத்துவதில்லை.